பெயர் பொறிக்கப்படாத சின்னங்கள்

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசரிடமிருந்தோ ஆளுநரிடமிருந்தோ தொடங்குவது வழக்கம். சென்னை வரலாறும் அவ்வாறே 1639ஆம் ஆண்டில் தொடங்கும். பிரான்சிஸ் டே, ஆண்ட்ரூ கோகன் என்னும் கும்பினி அலுவலர் இருவர், நாயக்கர் அளித்த கடற்கரை நிலம், அதன்மேல் எழுந்த புனித ஜார்ஜ் கோட்டை என்று அது நடைபோடும். இவ்வரலாறு பிழையன்று, ஆயின் முழுமையும் அன்று. கோட்டையைக் காட்டி ஊரை அடையாளம் சொல்பவர் அயலூரார். ஊரில் வாழ்பவனுக்கு ஊர் என்பது அவன் ஏறிய வண்டி, உண்ட பண்டம், திரும்பிய தெருமுனை, காதில் விழுந்த கூவல் ஆகியவற்றின் தொகுதியே.

தமிழ்ப் புலவர் இதனை நன்கு அறிந்திருந்தனர். மதுரைக்காஞ்சி மதுரையைக் காட்டும்போது பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் விடாமல் காட்டுகிறது. இளங்கோவடிகள் புகாரை வருணிக்கும்போது, அரசவீதி அமைந்த பட்டினப்பாக்கத்துக்கு முன்னரே மருவூர்ப்பாக்கத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறார். பிட்டு விற்கும் காழியர், அப்பம் விற்கும் கூவியர், மீன் விற்போர், உப்பு விற்போர், வெற்றிலை விற்போர் என்று அங்கே ஒரு நெடும் நிரல் விரிகிறது. அரண்மனையும் புகாரே, அப்பக் கடையும் புகாரே. கடல்கொண்ட அந்நகரின் அரண்மனை இன்று இல்லை. அப்பம் சுட்டவரின் தொழிற்பெயர் மட்டும் காப்பியத்தில் எஞ்சி நிற்கிறது.

இக்கட்டுரை, இளங்கோ புகாருக்குச் செய்ததை நாம் சென்னைக்குச் செய்திருக்கிறோமா என்னும் வினாவை எழுப்புகிறது. அதற்கு விடை தேடுமுன், இந்நகரின் சின்னங்களை இருவகையாகப் பகுத்துக் கொள்ளல் வேண்டும். ஒன்று, அதிகாரத்தால் நாட்டப்பட்டவை. மற்றொன்று, மக்கள் புழக்கத்தால் தாமே முளைத்தவை.

நாட்டப்பட்டவை

நாட்டப்பட்ட சின்னங்களுக்குப் பிறந்த நாள் உண்டு. தீவுத்திடலில் குதிரைமேல் வீற்றிருக்கும் தாமஸ் மன்றோவின் சிலை 1839இல் நிறுவப்பட்டது. வடித்தவர் பிரான்சிஸ் சான்ட்ரே என்னும் ஆங்கிலச் சிற்பி. அக்குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஒரு கதை ஊரில் வழங்கி வருகிறது. உண்மை எதுவாயினும் ஆகுக. ஆளுநரின் ஆட்சிச் சிறப்பைப் பீடத்துக் கல்வெட்டுச் சொல்ல, தெருவோ சேணமில்லாக் குதிரையைப் பற்றியே பேசிற்று. சிலையை நாட்டுவது அரசு. அதற்குப் பொருள் சொல்வது தெரு.

அதே அண்ணா சாலையில், மவுண்ட் ரோடு என்று அது வழங்கிய நாளில், மற்றோர் ஆங்கிலேயனின் சிலையும் நின்றது. 1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய நீல் என்னும் படைத்தலைவனின் சிலை அது. 1927இல் அதனை அகற்றக் கோரித் தொண்டர்கள் அறப்போர் தொடுத்துச் சிறை புகுந்தனர். 1937இல் இராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை பொறுப்பேற்ற பின்னர் அச்சிலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. உழவரோடு நேரடியாக நிலவரி உடன்பாடு செய்யும் இரயத்துவாரி முறையோடு பெயர் இணைந்த மன்றோ நின்றார், நீல் நீங்கினான். இருவரும் அயலவரே. ஆயினும் மக்கள் மனம் இருவரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை.

விடுதலைக்குப் பின்னர் நாட்டப்பட்டவற்றுள் தலையாயது, கடற்கரையின் வடபகுதியில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை. சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரான தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் படைப்பு அது. நால்வர் ஒரு பாறையை நெம்பிப் பெயர்க்கின்றனர். சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியது இந்நகரின் கடற்கரையிலேதான் என்பதை நினைத்தால், அச்சிலை அங்கே நிற்பதன் பொருத்தம் விளங்கும். கடற்கரையில் நிற்கும் ஏனைய சிலைகள் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. இந்நால்வருக்கு மட்டும் பெயர் இல்லை. உழைப்பு என்னும் பொதுப்பெயரே அவர்கள் பெயராயிற்று. அது பெருமையா, குறையா என்பதை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் நினைப்போம்.

1968 சனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர், ஒளவையார், கம்பர், வீரமாமுனிவர், கால்டுவெல், போப், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. ஆகியோர் கடற்கரைச் சாலையில் எழுந்தருளினர். கையில் சிலம்பேந்திய கண்ணகியும் அவ்வரிசையில் நின்றாள். 2001 திசம்பரில் கண்ணகி சிலை அகற்றப்பட்டது; தமிழறிஞர் கொதித்தனர்; 2006 சூனில் சிலை மீண்டும் நிறுவப்பட்டது. நான்கரை ஆண்டு அச்சிலைக்காகப் பேசாத மேடை இல்லை, எழுதாத ஏடு இல்லை. நன்று. நாட்டப்பட்ட சின்னத்துக்கு வாதாட எப்போதும் ஆள் உண்டு.

நாவில் நிற்பவை

இனி, முளைத்த சின்னங்களுக்கு வருவோம். அவற்றுள் முதலாவது மொழி. 1788இல் இந்நகரில் வணிகம் தொடங்கிய தாமஸ் பாரி என்னும் வேல்சு நாட்டாரின் நிறுவனம் நின்ற தெருக்கோடியை மக்கள் 'பாரிமுனை' ஆக்கினர். முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலின் பெயர் என்று அதனை எண்ணுவார் இன்றும் உளர். எந்தச் சட்டமும் இன்றி, எந்த விழாவும் இன்றி, ஓர் அயற்பெயர் கடையெழு வள்ளல்களின் வரிசைக்குள் நுழைந்துகொண்டது.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்துவிட்டு மறைந்தது. உலகப் போர்களின் வரலாற்றில் அது ஒரு சிறு நிகழ்ச்சி. தமிழ் மொழியில் அது நிலையான சொல். எவர்க்கும் அடங்காத, எதையும் சாதிக்கும் ஆளை 'அவன் பெரிய எம்டன்' என்று பட்டிக்காட்டுப் பாட்டியும் சொன்னாள். அந்நாளின் கல்வெட்டு உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் ஒன்று இருக்கலாம். சொல்லாகிய கல்வெட்டோ தமிழகமெங்கும் நடமாடியது.

சென்னைத் தமிழ் என்று நாம் எள்ளி நகையாடும் பேச்சும் இவ்வாறு சேர்ந்த வரலாறே. 'துட்டு' டச்சுக்காரரின் சிறுகாசு; பழவேற்காட்டில் அவர்கள் நடத்திய வணிகத்தின் எச்சம். 'நாஷ்டா', 'பேஜார்' ஆகியவை உருது வழி வந்தவை. ஆற்காட்டு நவாபின் காலத்தை நினைவூட்டுபவை. தெலுங்கும் ஆங்கிலமும் தம் பங்கை அளித்தன. அரசாணைகள் எழுதிய ஏட்டைவிட, மீன் விற்பவளின் நாவில் இந்நகரத்தின் அடுக்குகள் தெளிவாகக் கிடக்கின்றன. திரைப்படம் அப்பேச்சைச் சிரிப்புக்கே பயன்படுத்திற்று. அதனைப் பேசியவர் சிரிப்புக்குரியவர் ஆயினர். இது சிறு தீங்கன்று.

உருண்டு மறைந்தவை

1895 மே 7ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சார டிராமை முதலில் கண்ட நகரம் இதுவே. ஐம்பத்தெட்டு ஆண்டு அது ஊரின் கால்களாக இருந்தது. துறைமுகத் தொழிலாளியும் கல்லூரி மாணவனும் வழக்கறிஞரின் குமாஸ்தாவும் ஒரே பெட்டியில் அமர்ந்தனர். சாதி பார்த்து ஒதுங்கி நிற்க இடம் தராத ஊர்தி அது. சமத்துவத்தைப் பேசிய மேடைகளுக்கு அதில் இருந்த பங்கு எவ்வளவோ, பயணச்சீட்டுக்கு இருந்த பங்கும் அவ்வளவே. நட்டத்தில் மூழ்கிய நிறுவனம் கையை விரிக்க, 1953 ஏப்ரல் 12ஆம் நாளோடு டிராம் நின்றது.

டிராம் செல்லாத சந்துகளில் சென்றது கை ரிக்‌ஷா. ஜப்பானியச் சொல்லோடு வந்த அவ்வண்டியை மனிதன் மாடுபோல் இழுத்தான். வெறுங்காலோடு கொதிக்கும் தாரின்மேல் ஓடினான். தமிழக அரசு 1973இல் கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாக்களை வழங்கியது. அதற்கு ஈராண்டு முன்னர் 1971இல் வெளிவந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் எம்.ஜி.ஆர். மிதித்தது சைக்கிள் ரிக்‌ஷாவே. அப்படத்துக்காக அவர் இந்திய அரசின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். திரையில் ரிக்‌ஷாக்காரன் வீரனாய் நின்ற நாளில், தெருவில் இன்னும் ஒருவன் நுகத்தில் பூட்டப்பட்டிருந்தான்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பழையன கழிந்தமைக்கெல்லாம் கண்ணீர் வடிப்பது வரலாறு ஆகாது. கை ரிக்‌ஷா ஒழிந்தது அறம். அதனை 'பழைய சென்னையின் அழகு' என்று படமாக்கி வரவேற்பறையில் மாட்டுவோர், அதை இழுத்தவனின் நெஞ்சு நோயை மாட்டுவதில்லை. வண்டி மறைந்ததற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் இழுத்தவன் எந்தச் சிற்றூரிலிருந்து வந்தான், எங்கே உறங்கினான், நாள் வாடகைக்கு வண்டி தந்தவனுக்கு எவ்வளவு கட்டினான் என்பனவற்றை நம் இலக்கியம் எத்தனை பக்கத்தில் எழுதியது? வருத்தத்துக்குரியது அதுவே.

எரிந்தவை, பெயர்ந்தவை

மத்திய இரயில் நிலையத்தையொட்டி 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டை அறியாத தமிழ் எழுத்தாளர் ஒரு தலைமுறையில் இல்லை. மாநகராட்சித் தலைவராயிருந்த ஜார்ஜ் மூரின் பெயரைத் தாங்கிய அச்செங்கட்டடத்தில் பறவைக் கூண்டும் பழைய இசைத்தட்டும் கண்ணாடிப் பாத்திரமும் விற்றன. பழைய புத்தகங்களும் விற்றன. நூலக உறுப்பினராக வசதியற்றவனுக்கு அது பல்கலைக்கழகம். அச்சில் இல்லாத நூல் அங்கே அட்டையில்லாமல் கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு அறிவு மலிவு. 1985 மே 30ஆம் நாள் அது தீக்கிரையாயிற்று. அவ்விடம் இரயில்வேயின் கட்டடமாக மாறியது. கட்டடத்தின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து அங்கே வைத்தனர். கட்டடத்துக்கு மாதிரி கிடைத்தது. அங்கே, நூலின் பெயரைச் சொன்னவுடன் குவியலின் அடியிலிருந்து உருவித் தந்த கடைக்காரருக்கு மாதிரி செய்ய எவராலும் இயலவில்லை.

சந்தைகள் எரியாமலும் பெயர்ந்தன. கொத்தவால்சாவடிக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. ஊரின் பெயர் அதிகார ஏட்டில் 'மெட்ராஸ்' என்பதிலிருந்து 'சென்னை' ஆனதும் அதே ஆண்டில்தான். சந்தைகள் முளைத்ததும் உண்டு. 1960களில் பர்மாவின் படைத்துறை ஆட்சி கடைகளை நாட்டுடைமை ஆக்கியபோது கையில் மூட்டையோடு கப்பலேறித் திரும்பிய தமிழருக்கு, துறைமுகத்துக்கு எதிர்ப்புறச் சாலையோரத்தில் பர்மா பஜார் பிழைப்பிடம் ஆயிற்று. அவர்களோடு வந்த 'அத்தோ' என்னும் பண்டம் இன்று வடசென்னையின் உணவு. அகதியின் பசி ஊரின் சுவையாக மாறிய வரலாறு அந்தத் தட்டில் இருக்கிறது. மெரினாவில் 'தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல்' என்று கூவிச் செல்லும் சிறுவனின் குரலும் அவ்வாறே ஊருக்கு அடையாளம். அக்குரல் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய குரல் என்பதையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மை.

முச்சந்தியில் பாடியவை

கவிஞர்களாகிய நாம் மறக்கக்கூடாத சின்னம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் சிறுசிறு பாட்டுப் புத்தகங்கள் அச்சாயின. தாள் மட்டம், அச்சு மட்டம், விலையோ காலணா, அரையணா. கொலை, வெள்ளம், இரயில் விபத்து, புதிதாக வந்த மின்விளக்கு, விலைவாசி, நாட்டு விடுதலை என்று அன்று ஊர் பேசிய அனைத்தும் அதில் பாட்டாயின. விற்பவர்கள் தெருமுனையிலும் இரயிலிலும் அவற்றைப் பாடியே விற்றனர். செய்தித்தாள் படிக்க இயலாதவனுக்கு அதுவே செய்தித்தாள்.

புலவர் உலகம் அவற்றைத் தீண்டவில்லை. இலக்கணம் இல்லை என்றது; சுவை இல்லை என்றது. ஏட்டுச்சுவடிகளைத் தேடிக் கறையானிடமிருந்து மீட்ட அதே காலத்துத் தமிழர், தம் வாசலில் விற்ற பாட்டை மடித்துப் பொட்டலம் கட்டினர். அவை ஓரளவேனும் எஞ்சியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அச்சான ஒவ்வொரு நூலையும் பதிவு செய்ய வேண்டும் என்று வெள்ளையர் அரசு 1867இல் இயற்றிய சட்டம். மற்றொன்று, கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற தனி மனிதரின் சேகரிப்புப் பித்து. அவர் 1992இல் மறைந்த பின் அவர் திரட்டிய நூல்களைக் கொண்டே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி 2004இல் 'முச்சந்தி இலக்கியம்' என்னும் நூலின் வழி இப்பாட்டுகளை ஆய்வுலகின் முன் நிறுத்தினார். ஆட்சியை வேவு பார்க்க அயலரசு போட்ட சட்டம், தமிழ்ப் புலமை புறக்கணித்த தமிழைக் காத்தது. இதைவிடக் கூர்மையான முரணை எந்தக் கவிஞனும் கற்பித்துவிட இயலாது. குஜிலிப் பாட்டு ஓய்ந்த தெருக்களில் பின்னாளில் கானாப் பாட்டு ஒலித்தது. அதனையும் நெடுநாள் நாம் கேளாச் செவியராய்க் கடந்தோம்.

பதாகையும் சுவரும்

அண்ணா சாலையில் வானளாவ நின்ற கட்டவுட்டுகளையும் கையால் தீட்டிய திரைப்படப் பதாகைகளையும் நினைவு கூர்வோம். 1959இல் திறக்கப்பட்ட பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்த கண்கள், அதே சாலையில் கட்டவுட்டுகளையும் அண்ணாந்தே பார்த்தன. கட்டங்கட்டிச் சிறு நிழற்படத்தை ஐம்பதடி முகமாக விரித்த ஓவியர்கள் ஓவியப் பள்ளியின் வாசலை மிதித்தவர் அல்லர். 2000க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் கணினி அச்சுப் பதாகை அவர்களின் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டது. அந்த அச்சுப் பதாகையும் தீங்கற்றதாக இல்லை. 2019இல் பள்ளிக்கரணையில் சாலைமேல் வைத்த பதாகை விழுந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிர் இழந்தார். தெருப் பண்பாடு என்ற பெயரால் அதிகாரத்தின் ஆரவாரத்தையும் நாம் போற்றிவிடலாகாது என்பதற்கு அவ்வுயிர் விலையாயிற்று.

சுவர்களின் கதை வேறு. மாநகராட்சி 2009இல் அண்ணா சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளைத் தடுத்துப் பண்பாட்டு ஓவியங்களைத் தீட்டத் தொடங்கியது. 2020இல் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பேரோவியங்கள் எழுந்தன. அவற்றைக் காணப் பலர் செல்கின்றனர், செல்க. ஆயின் அச்சுவர்களுக்குள் வாழ்பவர் யாவர்? கூவத்தின் கரையிலும் நகரின் நடுவேயும் குடிசையில் வாழ்ந்து, 2000 முதலாக ஒக்கியம் துரைப்பாக்கத்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டவர்கள். அங்கே எழுந்த வீடுகள் பதினைந்தாயிரத்துக்கும் மேல். ரிக்‌ஷா மிதித்தவரும் மீன் கூடை சுமந்தவரும் வீட்டு வேலை செய்தவரும், அதாவது இந்நகரின் முளைத்த சின்னங்களைத் தம் உடலால் ஆக்கியவர்கள், அவர்களே.

நீதி கேட்ட பெண்ணின் பெயரை அக்குடியிருப்புக்குச் சூட்டியிருக்கிறோம். கடற்கரையிலிருந்து அகன்ற கண்ணகி நான்கரை ஆண்டில் தன் பீடத்துக்குத் திரும்பினாள். கண்ணகி நகருக்கு அகன்றவர்கள் திரும்பவில்லை. சிலைக்காகக் கொதித்த நம் மேடைகளும் ஏடுகளும் அவர்களுக்காக எத்தனை முறை கொதித்தன? முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கே இருக்கிறது. உழைப்பாளர் சிலையின் நால்வருக்குப் பெயர் இல்லாமை கலைக்குப் பெருமை. உழைத்தவரின் பெயரும் சொல்லும் வரலாற்றில் இல்லாமை நமக்குக் குறை.

வட்டத்தின் கடமை

பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டம் மலர் வெளியிட்டுக் கலைவதோடு அமைதல் கூடாது. இளங்கோ செய்த பணி பெரிதும் எளிமையானது. அவர் மருவூர்ப்பாக்கத்துத் தெருக்களில் நடந்தார். விற்றவரை விற்றவராகவே பெயர் சொன்னார். அப்பணியை நாம் ஒவ்வொருவரும் நம் தெருவிலிருந்து தொடங்கலாம். கத்திக்குச் சாணை பிடிப்பவர் என்ன கூவுகிறார்? இஸ்திரி வண்டிக்கரி எங்கிருந்து வருகிறது? இட்லிக் கடை ஆயா எத்தனை மணிக்கு மாவரைக்கிறார், ஓர் இட்லி இன்று என்ன விலை? நாளும் இடமும் விலையும் சொல்லும் குறித்து எழுதிய பத்துப் பக்கம், நூறு ஆண்டு கழித்து வரும் ஒருவனுக்குப் பட்டயம் ஆகும். நம் கவிதைக்கும் அதுவே உரம்.

அரசு நாட்டியவற்றை அரசு காத்துக்கொள்ளும். அது காக்கத் தவறினால் கேட்க ஆயிரம் பேர் வருவர். தெரு தந்தவற்றை எழுதிவைக்கத் தெருவில் வாழும் எழுத்தாளனைத் தவிர வேறு எவரும் இல்லை. குஜிலிப் பாட்டை வெள்ளையன் சட்டம் காத்தது ஒருமுறை நேர்ந்த விபத்து. மறுமுறை அவ்விபத்து நேராது.